மறு: ரிலீஃப் வால்வுக்கும் ரெட்யூசிங் வால்வுக்கும் தமிழில் என்ன பெயர்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கத்துச் சொட்டுநீர் விவசாயிகளுக்கான கையேட்டுக்கு வால்வுகளின் பெயர் கேட்டிருந்தேன். ‘அழுத்தத் தணிப்பு வால்வு’, ‘அழுத்தக் குறைப்பு வால்வு’, ‘அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு’, ‘அழுத்தச் சீராக்கி’ என நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான்கும் நல்ல தமிழ்தான். ஆனால் எது எந்த வால்வுக்கு என்று பட்டியலைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. இரண்டு வால்வுமே ஏதோ ஒரு விதத்தில் அழுத்தத்தைக் குறைக்கத்தான் செய்கின்றன.

வேலை செய்யும் விதத்தில் இரண்டும் நேர் எதிர். ரிலீஃப் வால்வு சாதாரண நேரத்தில் மூடியே இருக்கும். உள்ளே ஒரு ஸ்பிரிங் தட்டை அழுத்திப் பிடித்திருக்கும். மோட்டார் பக்க அழுத்தம் ஸ்பிரிங்கின் பலத்தைத் தாண்டும்போது தட்டு எழும்பி, மிகுந்த தண்ணீர் வெளியே கொட்டும். ரெட்யூசிங் வால்வு சாதாரண நேரத்தில் திறந்திருக்கும். அதன் டயாஃப்ரம் (வளைந்து கொடுக்கும் மெல்லிய தகடு) உணர்வது வயல் பக்கத்து அழுத்தத்தை. அங்கே அழுத்தம் ஏற ஏற வழி குறுகும். ஒரு சொட்டுகூட வெளியே போகாது. ஹைட்ராலிக் வரைபடம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இரண்டின் குறியீடும் ஏறக்குறைய ஒன்றுதான். உணரும் அழுத்தத்தைக் காட்டும் புள்ளிக்கோடு ஒன்றில் வரும் பக்கத்திலிருந்து கிளம்பும், மற்றதில் போகும் பக்கத்திலிருந்து. வரைந்தவர்கள் வேறுபாட்டைச் சரியான இடத்தில் வைத்திருக்கிறார்கள். நம் சொல்லும் அங்கேதான் நிற்க வேண்டும்: இந்த வால்வு எந்தப் பக்கத்தைக் கவனிக்கிறது?

சமையலறையில் இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. குக்கர் மேல் வைக்கும் வெயிட், உள்ளே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ கூடியதும் எழும்பி நீராவியை வெளியே விடுகிறது. அது ரிலீஃப் வகை. காஸ் சிலிண்டர் ரெகுலேட்டர், உள்ளே பல கிலோ அழுத்தத்தில் இருக்கும் வாயுவை சுமார் 30 மில்லிபாருக்கு இறக்கி அடுப்புக்கு அனுப்புகிறது. அது ரெட்யூசிங் வகை. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றதை வைத்துப் பார்க்க யாரும் துணிய மாட்டார்கள். ஆனால் தென்னந்தோப்பில் வைத்துவிடுகிறார்கள். ‘பிரஷர் குறைக்கிற வால்வு’ என்று கேட்டு வாங்கி வந்த ரெட்யூசிங் வால்வை, ரிலீஃப் வால்வுக்குப் பதிலாக மெயின் லைனில் மாட்டியிருந்த தோப்பு ஒன்றைப் பார்த்தேன். வயலில் எல்லா கேட் வால்வையும் மூடியதும் அது தன் வேலையைச் சரியாகச் செய்து தானும் மூடிக்கொண்டது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்கும் மோட்டாருக்கும் நடுவில் இருந்த, சதுர சென்டிமீட்டருக்கு நாலு கிலோ தாங்கும் பைப் வெடித்தது. 10 மீட்டர் நீர் உயரம் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ. ஆழ்குழாய் மோட்டாரின் வழியை முழுக்க அடைத்தால் அழுத்தம் நாலு கிலோவைச் சுலபமாகத் தாண்டும்.

சரி, என் முன்மொழிவு. ரிலீஃப் வால்வுக்குக் ‘கலிங்கு வால்வு’. ஏரி நிரம்பினால் கரை உடையாமல் மிகைநீரை வெளியே விடுவது கலிங்கு. அதில் நிறுத்திய கற்களுக்கு நடுவே பலகை போட்டு அடைத்தால் நீர்மட்டம் இன்னும் கொஞ்சம் உயர்ந்த பிறகுதான் வழியும். வால்வில் ஸ்பிரிங் திருகை இறுக்குவதும் அதே காரியம்தான். ‘கலிங்கை எத்தனை கிலோவுக்கு வைத்திருக்கிறீர்கள்?’ என்று ஒரு விவசாயியிடம் கேட்டால் விளக்கம் தேவைப்படாது.

சித்தூர் நண்பர் (பாலக்காட்டுச் சித்தூர்) ஒரு தடையைச் சொன்னார். மலையாளத்தில் கலுங்கு என்றால் சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் சிறுபாலம், கேரளப் பக்கத்துத் தமிழர் காதில் அந்தப் பொருள்தான் முதலில் விழும் என்றார். நியாயமான தடை. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் ‘கலிங்கு வால்வு’ என்று சேர்த்துச் சொல்லும்போது சிறுபாலத்தோடு குழம்ப வழியில்லை. அந்தப் பகுதியில் ஏரி என்ற சொல்லே இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, அதனால் பழைய பொருளை மீட்பது கடினமாக இருக்காது.

ரெட்யூசிங் வால்வுக்குக் ‘கடைமடை அழுத்த வால்வு’. குழாய் வழியிலேயே நின்று மோட்டார் பக்க அழுத்தம் விழாமல் காக்கும் சஸ்டெய்னிங் வால்வு இருக்கிறதே, ஃபில்டரை எதிர்நீர் விட்டுக் கழுவும்போது தேவைப்படுவது, அதற்குத் ‘தலைமடை அழுத்த வால்வு’. தலைமடை (தண்ணீர் முதலில் வந்து சேரும் பக்கம்), கடைமடை (கடைசியில் போய்ச் சேரும் பக்கம்) இரண்டும் பாசனத்தில் உயிரோடு இருக்கும் சொற்கள். எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு அவையே பதில் சொல்லிவிடுகின்றன. ‘மேல்நிலை, கீழ்நிலை’ என்று போட்டால் உயரத்தைச் சொல்வதாகப் போய்விடும்.

‘ரெகுலேட்டர் என்றே விடலாமே’ என்றவர்களுக்கு: சித்தூர் தாலுகாவில் ரெகுலேட்டர் என்றால் ஆற்றின் குறுக்கே ஷட்டர்களோடு நிற்கும் மூலத்தரா ரெகுலேட்டர். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாக ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டிய தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் ஊர்களில் அந்தச் சொல்லை வேறு எதற்கும் கொடுக்க முடியாது.

வால்வையே ‘ஓரதர்’ ஆக்க வேண்டும் என்ற கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஓர் அதர் என்றால் ஒரு வழி. உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வுக்கும், தண்ணீரைத் திரும்ப விடாத என்.ஆர்.வி.க்கும் (நான்-ரிட்டர்ன் வால்வு) கச்சிதமாகப் பொருந்தும். கேட் வால்வு இரு பக்கமும் தண்ணீர் விடுமே? பள்ளிப் பாடநூலில் இதயத்துக்கே ஈரிதழ் வால்வு, மூவிதழ் வால்வு என்று படித்து வந்த பிள்ளைகளுக்கு வால்வு தமிழ்ச்சொல்தான். என்.ஆர்.வி.க்கு மட்டும் ‘ஓரதர் வால்வு’ என்று வைக்கலாம்.

அப்புறம், பிரஷர் கேஜுக்கு அழுத்தமானி போதும். டயாஃப்ரத்துக்கு உதரவிதானம் வேண்டாம், அது உடம்பில் இருப்பது. இங்கே சவ்வு.

திருத்தணி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து நண்பர்களிடம் ஒரு கேள்வி. தெலுங்கில் ஏரியின் மிகைநீர் வழியை அலுகு என்கிறார்கள். உங்கள் ஊர்த் தமிழ் விவசாயிகள் பேச்சில் கலிங்கு இருக்கிறதா, அலுகு வந்துவிட்டதா? கலிங்கு இல்லையென்றால் வடஎல்லைக்கு இந்தச் சொல் செல்லாது, பட்டியலில் மாற்றுச் சொல் ஒன்றும் சேர்க்க வேண்டியிருக்கும். கையேடு அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.