உதவி: லேப் கணினிகளில் ஜாபிக்ஸ் ஏஜென்ட் போட்டும் எல்லாம் சிவப்பு (அவசரம்)

லேப்தம்பி
வணக்கம். எங்கள் கல்லூரி லேபில் 40 கணினியிலும் ஜாபிக்ஸ் (கணினிகளைக் கண்காணிக்கும் மென்பொருள்) ஏஜென்ட் போட்டுவிட்டேன், அதாவது கணினியின் நிலையை ஜாபிக்ஸ் சர்வருக்குச் சொல்லும் சின்ன நிரல். சர்வரில் ஒவ்வொரு கணினியையும் ஹோஸ்டாகச் சேர்த்தாகிவிட்டது, எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்ற டெம்ப்ளேட்டும் கொடுத்தாகிவிட்டது. ஆனால் அத்தனையும் சிவப்பு. ஒன்றிலிருந்துகூட டேட்டா வரவில்லை. பிங் போகிறது. திங்கட்கிழமை ஹெச்ஓடி வந்து பார்ப்பார். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள் ப்ளீஸ்.

கம்பிவடம்
ஃபயர்வால்தான். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஏஜென்ட் கேட்கும் போர்ட் 10050. விண்டோஸ் ஃபயர்வால் அதை விடாது. ஒரு கணினியில் ஃபயர்வாலை முழுக்க ஆஃப் செய்துவிட்டுப் பாருங்கள், பச்சையாகிவிடும்.

சுவிட்ச்செல்வி
தம்பி, இதை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. ஜாபிக்ஸ் எந்த வெர்ஷன்? பழைய ஏஜென்டா, ஏஜென்ட் 2-ஆ? சர்வர் எதில் ஓடுகிறது, டாக்கருக்குள் வைத்திருக்கிறீர்களா? லேபும் சர்வரும் ஒரே நெட்வொர்க்கா? எல்லாவற்றையும்விட முக்கியம்: ஹோஸ்ட் பட்டியலில் அந்தச் சிவப்புப் பெட்டி மேல் மவுஸைக் கொண்டுபோனால் ஒரு வரி வரும். அதை அப்படியே இங்கே போடுங்கள்.

மதுரைமின்னல்
ஏஜென்டின் கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலில் இருக்கும் ஹோஸ்ட்நேமும் சர்வரில் கொடுத்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் போச்சு. எனக்கு ஒருமுறை இதனால் ஒரு வாரம் வீணாயிற்று. அதைப் பாருங்கள் முதலில்.

நாட்டாமை
மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். ஆவணம் என்று ஒன்று இருக்கிறது, இலவசம்தான். ஏஜென்ட் என்றால் என்ன, பாசிவ் செக் என்றால் என்ன, ஆக்டிவ் செக் என்றால் என்ன என்று படித்துவிட்டு வந்தால் பாதிப் பேருக்கு இழையே தேவைப்படாது. நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ் தட்டுவதற்குப் பெயர் நிறுவுவது இல்லை.

லேப்தம்பி
படித்தேன் சார். அவசரத்தில் போட்ட பதிவு. வெர்ஷன் 6.0. சர்வர் உபுண்டு, டாக்கர் இல்லை. ஏஜென்ட் 2 இல்லை, சாதா ஏஜென்ட்தான், எம்எஸ்ஐ (இன்ஸ்டாலர்) ஃபைல் வைத்துப் போட்டேன். ஃபயர்வாலை ஆஃப் செய்து பார்த்தேன், அதே சிவப்புதான்.

கம்பிவடம்
ஆன்டிவைரஸ் இருக்கிறதா? அதற்கென்று தனி ஃபயர்வால் இருக்கும். விண்டோஸில் ஆஃப் செய்தால் மட்டும் போதாது.

சுவிட்ச்செல்வி
சிவப்புப் பெட்டி என்ன சொல்கிறது என்று கேட்டேன். அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

கம்பிவடம், இன்னொன்று. விண்டோஸுக்கான எம்எஸ்ஐ நிறுவும்போதே ஃபயர்வாலில் விதியைச் சேர்த்துவிடும். வேண்டாம் என்றால்தான் ஸ்கிப் கொடுத்து அதைத் தடுக்க வேண்டும். ஜிப் ஃபைலைப் பிரித்துக் கையால் போட்டவர்களுக்குத்தான் நீங்கள் சொல்லும் சிக்கல் வரும்.

வடலி
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தம்பி, இரண்டு வேலை செய்யுங்கோ. சர்வரிலிருந்து லேப் கணினி ஒன்றின் 10050-க்கு டெல்நெட் அடித்து இணைப்புக் கிடைக்குதா என்று பாருங்கோ. பிறகு அந்தக் கணினியில் ஏஜென்ட் நிறுவிய ஃபோல்டரைத் திறந்தால் லொக் ஃபைல் ஒன்று கிடக்கும். அதன் கடைசி வரிகளை இங்கே போடுங்கோ. லொக் இல்லாமல் கதைத்துப் பிரயோசனம் இல்லை.

லேப்தம்பி
டெல்நெட் போட்டால் 'கனெக்டட்' என்று வருகிறது, வந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது. மவுஸை வைத்தால், ஏஜென்டிடமிருந்து வெறும் பதில் வந்தது, அனுமதி இல்லாததால் ஏஜென்ட் இணைப்பைத் துண்டித்ததாக எடுத்துக்கொள்கிறோம் என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. லாக் ஃபைலைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஆபீஸ் அறையில் இரண்டு கணினிகளில் இதே ஏஜென்டைத்தான் போட்டேன். அவை பச்சை.

சுவிட்ச்செல்வி
இதை முதல் பதிவிலேயே போட்டிருக்கலாமே!

சரி, இனி ஃபயர்வாலை விட்டுவிடலாம். படிப்பவர்களுக்காகவும் சேர்த்துச் சொல்கிறேன். ஃபயர்வால் தடுத்தால் டெல்நெட் பேசாமல் நிற்கும், கடைசியில் டைம்அவுட் ஆகும். ஏஜென்ட் சர்வீஸே ஓடவில்லை என்றால் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று முகத்தில் அடித்த மாதிரி உடனே வரும். உங்களுக்கு இரண்டும் இல்லை. கதவு திறக்கிறது, ஆளைப் பார்த்ததும் சாத்திக்கொள்கிறது. அப்படியென்றால் கான்ஃபிக் ஃபைலில் 'சர்வர்=' என்ற வரியில் இருக்கும் ஐபி தப்பு. அந்த வரியில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான் ஏஜென்ட் பதில் சொல்லும். நிறுவும்போது என்ன கொடுத்தீர்கள்?

லேப்தம்பி
சர்வர் ஐபி சரியாகத்தான் கொடுத்தேன் மேடம். 192.168.10.5. பிரவுசரில் அதைப் போட்டுத்தான் ஜாபிக்ஸ் பக்கத்தையே திறக்கிறேன். ஆபீஸ் கணினிகளுக்கும் அதேதான் கொடுத்தேன்.

மதுரைமின்னல்
ஹோஸ்ட்நேம் பார்த்தீர்களா இல்லையா?

நாட்டாமை
மின்னல், ஹோஸ்ட்நேம் ஆக்டிவ் செக்குக்கு மட்டும்தான். ஏஜென்ட் தானே சர்வரின் 10051-க்குப் போய், நான் இன்னார், எனக்கு என்ன வேலை என்று கேட்கும்போது அந்தப் பெயரைப் பார்ப்பார்கள். பாசிவ் செக்கில் சர்வர்தான் ஏஜென்டின் 10050-க்கு வருகிறது. அங்கே பெயரை யாரும் கேட்பதில்லை. இந்த வித்தியாசத்தைத்தான் படித்துவிட்டு வாருங்கள் என்றேன். சொன்னால் கோபம் வருகிறது.

மதுரைமின்னல்
எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. உங்களுக்குத்தான் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கிறது.

கம்பிவடம்
இவ்வளவு தலைவலி எதற்கு? லேப் கணினிக்கு ஏஜென்டே தேவையில்லை. எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் பொதுவான நெறிமுறை) போட்டால் முடிந்தது. நான் ஒரு மில்லில் எல்லாவற்றையும் அதில்தான் வைத்திருக்கிறேன். கான்ஃபிக் ஃபைல் கிடையாது, சண்டையும் கிடையாது.

நாட்டாமை
விண்டோஸில் எஸ்என்எம்பியா? மைக்ரோசாஃப்ட் அந்த சர்வீஸைச் சர்வர் 2012 காலத்திலேயே கைவிடுவதாகச் சொல்லிவிட்டது. இன்று விண்டோஸ் 10, 11-இல் தனியாகத் தேடிப் போட வேண்டும். அதுவும் பழைய வெர்ஷன்களான வி1, வி2சி மட்டும்தான், பாதுகாப்பான வி3 கிடையாது. கம்யூனிட்டி என்ற பெயரில் கொடுக்கும் ரகசியச் சொல் வி2சி-யில் அப்படியே வெளிப்படையாகப் போகும். மாணவர்கள் உட்காரும் லேபில், நெட்வொர்க்கில் போவதைப் படித்துக்காட்டும் வயர்ஷார்க் பாடமாகவே இருக்கும் இடத்தில், இதைப் போடச் சொல்கிறீர்கள். கம்யூனிட்டி பெயர் என்ன வைத்திருக்கிறீர்கள், 'பப்ளிக்'தானே?

கம்பிவடம்
என் நெட்வொர்க்கில் என்ன பெயர் வைத்தால் உங்களுக்கு என்ன? படிக்க மட்டும்தான் அனுமதி, எழுத முடியாது. 1988-இல் வந்தது இன்றுவரை ஓடுகிறது என்றால் சும்மாவா?

நாட்டாமை
அப்போ 'பப்ளிக்'தான்.

சுவிட்ச்செல்வி
சுவிட்ச், பிரிண்டர், யுபிஎஸ் இவற்றுக்கு எஸ்என்எம்பியை விட்டால் பெரும்பாலும் வேறு வழி இல்லை, முடிந்தால் வி3. கணினிக்கு ஏஜென்ட் இருக்கும்போது அதை விடுவானேன்? இதற்கு மேல் வேண்டுமென்றால் தனி இழை போட்டு அடித்துக்கொள்ளுங்கள் இருவரும்.

லேப்தம்பி, லாக் என்ன ஆயிற்று?

லேப்தம்பி
கிடைத்தது. ஒரே வரிதான் பக்கம் பக்கமாக இருக்கிறது. 192.168.20.5-இலிருந்து வந்த இணைப்பு மறுக்கப்பட்டது, அனுமதி உள்ள ஹோஸ்ட் 192.168.10.5. அந்த 20.5 யார் என்றே தெரியவில்லை. யாராவது மாணவர்கள் விளையாடுகிறார்களா?

வடலி
மாணவர் இல்லைத் தம்பி, அது உங்கட சர்வர்தான். சர்வரில் இரண்டு நெட்வேர்க் கார்ட் இருக்கு, சரியா? லேப் 192.168.20 வரிசையில் இருக்கு, சரியா? சர்வரில் 'ஐபி ரூட் கெட்' என்று அடித்துப் பக்கத்தில் லேப் கணினி ஒன்றின் முகவரியைக் கொடுங்கோ. எந்தக் கார்ட் வழியாகப் போகுது, எந்த முகவரியோடு போகுது என்று ஒரே வரியில் காட்டும். லேபுக்குப் போகிற பொதி (பாக்கெட்) லேப் பக்கக் கார்டால்தான் வெளியே வரும். அனுப்புநர் முகவரியும் அந்தக் கார்டுடையதுதான். நீங்கள் பிரவுசரில் அடிக்கிற முகவரி லேப் கணினிக்குத் தெரியாது.

லேப்தம்பி
ஆமாம் சார், 20.5 என்றே காட்டுகிறது. லேபிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்கு வழியே கிடையாது. அதற்காகத்தான் எனக்கு முன்னால் இருந்தவர் சர்வரில் இரண்டாவது கார்டு போட்டு லேப் சுவிட்சில் செருகியிருக்கிறார். எல்லாக் கணினியிலும் மாற்ற வேண்டுமா? சர்வரில் ஒரே இடத்தில் ஏதாவது செய்ய முடியாதா?

கம்பிவடம்
சர்வரின் கான்ஃபிக்கில் 'சோர்ஸ்ஐபி' என்று ஒரு வரி உண்டு. அதில் 192.168.10.5 கொடுத்துவிட்டால் எங்கே போனாலும் அந்த முகவரியோடுதான் போகும். ஏஜென்ட் பக்கம் தொடவே வேண்டாம்.

சுவிட்ச்செல்வி
நல்ல வழிதான், ஆனால் இங்கே நடக்காது. போகிற பொதி போய்விடும், பதில் 10.5-ஐத் தேடி வர வேண்டுமே. லேபிலிருந்து அந்தப் பக்கம் வழியே இல்லை என்று இப்போதுதான் சொன்னார்.

ஏஜென்ட் கான்ஃபிக்கைத்தான் மாற்ற வேண்டும். 'சர்வர்=192.168.20.5'. ஒன்றுக்கு மேல் வேண்டுமானால் இடையில் காற்புள்ளி போடலாம். 'சர்வர்ஆக்டிவ்' வரியிலும் 20.5 கொடுங்கள், லேப் கணினிக்கு எட்டுகிற முகவரி அது ஒன்றுதான். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்காவிட்டால் ஃபைல் சேமிக்க விடாது. மாற்றியபின் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள், ஃபைலைச் சேமித்தால் மட்டும் போதாது. முதலில் ஒரே ஒரு கணினியில் மாற்றிவிட்டு, சர்வரிலிருந்து 'ஜாபிக்ஸ் கெட்' கருவியால் 'ஏஜென்ட்.பிங்' கேட்டுப் பாருங்கள். 1 என்று வந்தால் மற்றதைத் தொடலாம்.

லேப்தம்பி
1 வந்தது!!! பெட்டி பச்சை. மிக்க நன்றி மேடம், நன்றி வடலி சார். மற்றவற்றையும் மாற்றிவிடுகிறேன்.

நாட்டாமை
'சர்வர்=' வரியின் விளக்கம் கான்ஃபிக் ஃபைலுக்குள்ளேயே, அந்த வரிக்கு மேலேயே எழுதியிருக்கிறது. வேறு எங்கும் போக வேண்டியதில்லை.

வடலி
ஐயா, எந்த முகவரியோடு வருவார் என்று அதில் எழுதியில்லைத்தானே.

லேப்தம்பி
காலை வணக்கம். மறுபடி எல்லாம் சிவப்பு. நேற்று இரவு உட்கார்ந்து ஒவ்வொரு கணினியாக மாற்றினேன், அத்தனையும் பச்சையாக இருந்தது. இன்று வந்து பார்த்தால் கான்ஃபிக்கில் பழையபடி 10.5-தான் இருக்கிறது. ஜாபிக்ஸ் தானாக மாற்றிக்கொள்கிறதா?

கம்பிவடம்
ஆன்டிவைரஸ்.

மதுரைமின்னல்
ஜாபிக்ஸ் மாற்றாது. லேப் கணினி என்றீர்களே, மாணவர்கள் எதைக் கெடுத்தாலும் ரீஸ்டார்ட் ஆனதும் பழைய நிலைக்குத் திருப்புகிற மென்பொருள் ஏதாவது போட்டிருக்கிறீர்களா?

லேப்தம்பி
ஆமாம் சார், எல்லாவற்றிலும் ஃப்ரீஸ் இருக்கிறது. எல்லா லேபிலும் இருக்குமே, அதனால் எழுதவில்லை. முதலில் ஏஜென்ட் போட்டபோது ஃப்ரீஸை எடுத்துவிட்டுத்தான் போட்டேன். நேற்று எடுக்கவில்லை.

சுவிட்ச்செல்வி
🙂

ஃப்ரீஸை எடுத்து, மாற்றி, பிறகு மறுபடி போடுங்கள். கையால் திரும்ப 40 கணினிக்கும் போக வேண்டாம். ஒரே எம்எஸ்ஐ-யைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, கமாண்ட் வரியிலேயே சர்வர் முகவரியைக் கொடுக்கலாம். டொமைன் இருந்தால் அந்தக் கமாண்டைக் குரூப் பாலிசி வழியாக ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டாகத் தள்ளலாம்.

லேப்தம்பி
டொமைன் இல்லை. ஒரு கணினியைச் சரிசெய்து அதன் டிஸ்க்கையே முழு நகலாக இமேஜ் எடுத்து மற்றவற்றில் போடலாம் என்று இருக்கிறேன்.

மதுரைமின்னல்
அப்படியானால் இப்போதாவது நான் சொல்வதைக் கேளுங்கள். நிறுவும்போது எம்எஸ்ஐ அந்தக் கணினியின் பெயரை 'ஹோஸ்ட்நேம்=' வரியில் எழுதி வைத்துவிடும். அதை இமேஜ் எடுத்தால் 40 கணினியும் ஒரே பெயரோடு சுற்றும். பாசிவ் செக்குக்குத் தொந்தரவு இல்லை என்று நாட்டாமை சொல்வார், உண்மைதான். ஆனால் விண்டோஸ் ஈவென்ட் லாக் வேண்டுமென்றால் ஆக்டிவ் செக்கில்தான் வரும். அன்றைக்கு எந்தக் கணினியின் லாக் எது என்று தெரியாமல் விழிப்பீர்கள். இமேஜ் எடுக்கும் முன் அந்த வரியை எடுத்துவிட்டு 'ஹோஸ்ட்நேம்ஐட்டம்=சிஸ்டம்.ஹோஸ்ட்நேம்' என்று வையுங்கள். ஏஜென்ட் கிளம்பும்போது கணினியின் பெயரைத் தானே எடுத்துக்கொள்ளும். சர்வரில் ஹோஸ்டுக்கும் அதே பெயர் இருக்க வேண்டும், எழுத்துக்கு எழுத்து.

நாட்டாமை
இது சரி.

மதுரைமின்னல்
ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

கம்பிவடம்
எஸ்என்எம்பி என்றால் இமேஜ் பற்றிய கவலையே இல்லை. சும்மா சொல்லி வைக்கிறேன்.

லேப்தம்பி
போட்டாச்சு. 40-உம் பச்சை. ரீஸ்டார்ட் செய்தும் பார்த்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

கடைசியாக ஒன்று. சாயங்காலம் லேபைப் பூட்டும்போது கணினிகளை எல்லாம் அணைத்துவிடுவோம். மூன்று நிமிடத்தில் 40 கணினிக்கும் 'ஏஜென்ட் கிடைக்கவில்லை' என்று ஹெச்ஓடிக்கு மெயில் போகிறது. அவர் இப்போதுதான் போன் செய்தார்.

சுவிட்ச்செல்வி
மெயில் போகும் வரிசையில் முதலில் அவர் பெயரை எடுங்கள்.

அந்த மூன்று நிமிடம் டெம்ப்ளேட்டிலேயே வருவது. லேப் கணினிகளை ஒரு ஹோஸ்ட் குரூப்பில் போட்டு, அந்தக் குரூப்புக்குத் தினமும் லேப் மூடும் நேரத்திலிருந்து மறுநாள் திறக்கும் நேரம்வரை மெயின்டனன்ஸ் (எச்சரிக்கை போகாத பராமரிப்பு நேரம்) போடுங்கள். டேட்டா சேகரிக்காத வகையைத் தேர்ந்தெடுங்கள், அணைத்துக் கிடக்கும் கணினியிடம் கேட்க ஒன்றும் இல்லை. விடுமுறை நாளில் லேப் திறக்க மாட்டீர்கள் என்றால் அதற்கு இன்னொரு காலப்பகுதி சேர்க்க வேண்டும். இல்லை, இதெல்லாம் தொல்லை என்று தோன்றினால் லேப் ஹோஸ்ட்களுக்கு மட்டும் அந்த எச்சரிக்கையைக் கிளப்பும் டிரிகரை அணைத்துவிடுங்கள். பகலில் ஒரு கணினி செத்தால் மாணவனே வந்து சொல்லிவிடுவான்.

கம்பிவடம்
எஸ்என்எம்பியிலும் இதே மெயில் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். நாட்டாமை சொல்வதற்குள்.