இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்பரின் மாத்திரை தொடங்கி ஒரு கிழமைகூட ஆகவில்லை, தொடையில் கறுநீலத் திட்டு. கிளினிக் வரை பொறுக்கலாமா?

ஹட்டன் மகள்:
அம்மாவுக்குக் காலில் இரத்தம் உறைந்து வார்டில் வைத்திருந்து, வார்பரின் கொடுத்து அனுப்பினார்கள். நேற்றுத் தொடையின் உட்பக்கம் சிவந்தது, தொட்டாலே துடிக்கிறார், இன்று காலை நடுவில் கறுநீலமாகி ஓரத்தில் கொப்புளமும் வந்துவிட்டது. தேயிலைக் குச்சி குத்தியிருக்கும், தைலம் தேய் என்கிறார் பெரியம்மா. அம்மா மலைக்குப் போயே எவ்வளவோ நாளாச்சு! கிளினிக் திங்கட்கிழமைதான்.

கண்டி தாதி:
பொறுக்க வேண்டாம் தங்கச்சி, இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு (ஈடியூ) போங்கள். தைலமும் வேண்டாம். சாதாரணக் கன்றல் இவ்வளவு வலிக்காது, கொப்புளமும் போடாது. வார்பரினால் தோல் செத்துப்போவது என்று ஒன்று உண்டு, 10,000 பேரில் ஒருவர் முதல் பத்துப் பேர் வரைக்குத்தான் வரும், பெரும்பாலும் மருந்து தொடங்கி 3 முதல் 10 நாளுக்குள், தொடை, மார்பு, பிட்டம், வயிறு மாதிரி கொழுப்புள்ள இடங்களில். இரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் பார்த்துக்கொள்ளும் புரதம் சி வார்பரின் குடித்ததும் சில மணி நேரத்திலேயே இறங்க ஆரம்பித்துவிடும், ஆனால் உறையவைக்கும் புரோத்திராம்பின் இறங்க நாட்கள் ஆகும், அந்த இடைவெளியில் தோலின் சின்ன நாளங்கள் அடைத்துக்கொள்கின்றன. அதுக்காகத்தான் இரத்தம் உறைவதை உடனே தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் ஆரம்பத்தில் சேர்த்துப் போடுவது. டாக்டர் பார்க்கும்வரை அடுத்த மாத்திரை கொடுக்காதீர்கள், ஆனால் அதை நிறுத்திவிட்டு வீட்டிலேயே இருந்துவிடவும் கூடாது, காலில் உறைந்தது நுரையீரலுக்குப் போனால் ஆபத்து.

நுவரெலியா தம்பி:
எங்கள் அப்பாவுக்கு வந்தது வேறு. வார்பரின் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல், கால்விரல்கள் ஊதாவாகி ஒரே வலி, அமுக்கினால் வெளுக்கும், விட்டால் மறுபடி ஊதா. எல்லாரும் குளிர் என்றார்கள். நாளத்தில் படிந்திருந்த கொலஸ்ட்ரால் துகள் உடைந்துபோய் அடைத்தது என்றார் டாக்டர்.

கொழுந்துக்காரி:
எனக்கு அட்டைக்கடிதான் தொல்லை. அதன் எச்சிலே இரத்தத்தை உறையவிடாது, அதுக்கு மேல வார்பரினும் என்றால் கேட்கவா வேண்டும், துணி நனைந்துவிடும். ஆனா அக்கா சொல்ற மாதிரி வலியோ கறுப்போ வந்ததில்லை. போய்க் காட்டுங்கள்.

ஹட்டன் மகள்:
தம்பி ஆட்டோ பிடிக்கப் போயிருக்கிறான். கிளினிக் புத்தகம் எடுத்து வைத்துவிட்டேன். அங்கே என்ன சொல்ல?

கண்டி தாதி:
வார்பரின் என்றைக்குத் தொடங்கியது, எத்தனை மில்லிகிராம், ஹெப்பாரின் ஊசி எப்போது நின்றது. வீட்டில் வேறு யாருக்காவது சின்ன வயதிலேயே இப்படி இரத்தம் உறைந்திருந்தால் அதையும் கேட்காமலே சொல்லுங்கள், புரதம் சி பிறவியிலேயே குறைந்த குடும்பங்கள் இருக்கின்றன. மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு போங்கள்.