ஃப்ளாஷ் அடிக்க மாட்டேங்குது, மேக்ரோ லென்ஸும் வாங்கணும், ஞாயித்துக்கிழமை காதுகுத்து. அவசர உதவி!

பண்ணைக்காட்டான் | வியாழன் இரவு 9.42

எல்லாருக்கும் வணக்கம்ணே. செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஃப்ளாஷ் வாங்குனேன். கேமரால மாட்டுனா அடிக்கவே இல்ல. செல் நாலும் புதுசு. ஞாயித்துக்கிழமை அக்கா மகளுக்குக் காதுகுத்து, போட்டோ நான் எடுக்குறேன்னு ஒத்துக்கிட்டேன். பாப்பா முகமும் நல்லா வரணும், தோட்டையும் கிட்டக்கப் போய் எடுக்கணும். மத்த நாள்ல காப்பித் தோட்டத்துல தவளை, சிலந்தி, பாசின்னு எடுத்துட்டுத் திரிவேன். ரெண்டுக்கும் ஒரே லென்ஸ் ஆகுமா? எதை வாங்கலாம்? சீக்கிரம் சொல்லுங்க.

வத்தலக்குண்டு ஸ்டுடியோ | 9.55

என்ன கேமரா? என்ன ஃப்ளாஷ்? இப்ப கையில என்னென்ன லென்ஸ் இருக்கு? பட்ஜெட்? விசேஷம் கோயில்லயா, வீட்லயா?

அக்கா மகள்னா தாய்மாமன் நீங்கதானே தம்பி? பாப்பா உங்க மடியில உக்காந்திருக்கும்போது கேமராவை யாரு பிடிக்கிறது?

மூஞ்சிக்கல் பனி | 10.20

இது ஈரம்தான், சந்தேகமே வேண்டாம். போன ஆடியில எனக்கும் இதே கதை. பனி உள்ள இறங்கி காண்டாக்ட்ல பச்சை பூத்துருச்சு. பென்சில் அழிக்கிற ரப்பரால கேமரா மேல ஃப்ளாஷ் மாட்டுற இடம் இருக்கில்ல, அந்த ஷூவையும் ஃப்ளாஷோட காலையும் தேய்ங்க. குளிர்ல இருந்து அடுப்படிக்குள்ள வந்ததும் பையைத் திறக்காதீங்க. அரை மணி நேரம் மூடியே கிடக்கட்டும், அப்பத்தான் கண்ணாடியில வேர்க்காது.

ரோல் 35 | 10.48

கேமராவின் பெயரே சொல்லாமல் லென்ஸ் கேட்பது, போகிற ஊரைச் சொல்லாமல் டிக்கெட் கேட்பது போல. தம்பி, முதலில் கேமராவோடு வந்த கையேட்டைப் படியுங்கள்.

மேக்ரோ என்று எதைச் சொல்கிறோம் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். 1:1 என்றால் பொருள் எவ்வளவு பெரிதோ, சென்சாரில் அதன் பிம்பமும் அவ்வளவு பெரிது. எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துவாரம் பெரிது; அந்த நெருக்கத்தில் எஃப்2.8 லென்ஸ்கூட ஏறக்குறைய எஃப்5.6 அளவுக்குத்தான் வெளிச்சம் விடும். எஃப்11 வைத்தாலும் கூர்மையாக விழுவது ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான். அதற்கு மேல் துவாரத்தைச் சுருக்கினால் படம் முழுவதும் மழுங்கும். இதை அறியாமல் ஃப்ளாஷ் வாங்குவது வீண் செலவு. மலையில் இருப்பவருக்கு மூடுபனியே நல்ல வெளிச்சம். முக்காலி போட்டுப் பொறுமையாக எடுங்கள். நாற்பது வருடமாக நான் அப்படித்தான் எடுக்கிறேன்.

பண்ணைக்காட்டான் | வெள்ளி காலை 6.15

மன்னிச்சுக்கங்க. கேமரா கேனான். கிட்ல வந்த ரெண்டு லென்ஸ், 18-55, அப்புறம் 55-250. ஃப்ளாஷ் கோடாக்ஸ். மடிக்கு எங்க பெரியண்ணன் இருக்காரு, அவர்தான் மூத்த மாமன். வீட்டு ஹால்லதான் விசேஷம். ரப்பர் போட்டுத் தேய்ச்சாச்சு, ம்ஹூம். டெஸ்ட் பட்டனை அமுக்குனா மட்டும் பளிச்சுனு அடிக்குது.

வைகைக்கரை ஸ்ட்ரோப் | 7.05

டெஸ்ட் பட்டன்ல அடிக்குதுன்னா ஃப்ளாஷுக்கு உயிர் இருக்கு, செல்லும் நல்லா இருக்கு. அப்ப கேமரா அனுப்புற சேதிதான் போய்ச் சேரல. கேனான்ல எந்த மாடல், கோடாக்ஸ்ல எந்த மாடல்? லைவ் வியூல, அதாவது பின்னாடி ஸ்கிரீனைப் பாத்து எடுக்குறீங்களா, கண்ணை வெச்சுப் பாத்து எடுக்குறீங்களா?

முக்கியமா ஒண்ணு பண்ணுங்க. ஃப்ளாஷைக் கழட்டிட்டு ஷூவை நேர் மேல இருந்து பாருங்க. சின்னச் சின்னப் பொட்டா நாலு இருக்கும். நடுவுல பெருசா இன்னொரு பொட்டு இருக்கா?

பண்ணைக்காட்டான் | 7.31

1500டி. டிடி600. கண்ணை வெச்சுத்தான் எடுக்குறேன். சின்னது நாலுதான் இருக்கு. நடுவுல ஒண்ணுமே இல்லண்ணே! உடைஞ்சு விழுந்துருச்சா?

வைகைக்கரை ஸ்ட்ரோப் | 7.58

உடையல தம்பி, பயப்படாதீங்க. 1500டி, 3000டி, 200டி மார்க் 2 இந்த மூணு மாடலும் நடுப் பின் இல்லாமத்தான் வருது. கேனானோட சொந்த ஃப்ளாஷ் பலதுக்கும் மத்த நாலு பின் போதும். உங்க டிடி600க்குக் காலுல இருக்கிறதே அந்த நடுப் பின் ஒண்ணுதான். அதைத் தொட எதிர்ல ஆள் இல்ல, அதனால அடிக்கல. கேமராலயும் பழுது இல்ல, ஃப்ளாஷ்லயும் பழுது இல்ல. ரப்பர் போட்டு எவ்வளவு தேய்ச்சாலும் இல்லாத பின் முளைக்காது.

காசு செலவில்லாத வழி இருக்கு. உங்க கேமராவுலயே குட்டி ஃப்ளாஷ் ஒண்ணு மேல எழும்புமில்ல, அதைத் தூக்கி விடுங்க. டிடி600ஐக் கழட்டி தனியா வைங்க, மேனுவல்ல போட்டு எஸ்2ங்கிற மோடுல வைங்க. குட்டி ஃப்ளாஷ் மின்னுறதைப் பாத்துட்டு இதுவும் கூடவே அடிக்கும். எஸ்1ல வெச்சிராதீங்க. கேமரா வெளிச்சம் அளக்குறதுக்காகப் படத்துக்கு முன்னாடி ஒரு தடவை லேசா மின்னும். எஸ்1 அதுக்கே அடிச்சுத் தீத்துரும், படம் இருட்டா விழும். ‘ஃப்ளாஷ் அடிக்குது, படத்துல வெளிச்சமே இல்ல’ன்னு புலம்புறவங்க முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் காரணம்.

குட்டி ஃப்ளாஷோட அளவை மெனுவுல மைனஸ் 2க்கு இறக்கிருங்க, இல்லன்னா பாப்பா முகம் தட்டையா வெளுத்துரும். ஷட்டர் 1/200க்கு மேல போக வேண்டாம். கதவுல வெள்ளை வேட்டி ஒண்ணைக் கட்டித் தொங்க விட்டு, டிடி600ஐ அது மேல அடிங்க. ஜன்னல் வெளிச்சம் மாதிரி பக்கவாட்டுல இருந்து விழும். உங்க ஊர் வீடுகள்ல மச்சு மரமா இருக்கும், இல்ல தகரமா இருக்கும். மேல அடிச்சா அந்த நிறம் முகத்துல இறங்கிரும்.

வத்தலக்குண்டு ஸ்டுடியோ | 8.30

ஸ்ட்ரோப் அண்ணன் சொன்னது சரி. லென்ஸுக்கு நான் சொல்றேன். ஞாயித்துக்கிழமைக்காக அவசரப்பட்டு மேக்ரோ வாங்காதீங்க. 100 மி.மீ. மேக்ரோ உங்க கேமராவுல, சென்சார் சின்னதுங்கிறதால, 160 மாதிரி நிக்கும். ஹால்ல பாப்பாவையும் மாமனையும் சேத்து எடுக்கணும்னா நீங்க வாசப்படி தாண்டி நிக்கணும். 50 எஃப்1.8 யார்கிட்டயாவது ரெண்டு நாளைக்குக் கைமாத்தா வாங்கிக்கங்க. எஃப்2.8ல வெச்சு எடுங்க. 1.8ல எடுத்தா ஒரு கண்ணு கூர்மையா இருக்கும், இன்னொண்ணு கலங்கிரும், குழந்தை ஆடிக்கிட்டேதான் இருக்கும். தோட்டை 18-55லயே 55ல வெச்சு கிட்டப் போய் எடுங்க, தாராளம்.

பின்னாடி சாவகாசமா ஒரே லென்ஸ்ல ரெண்டும் வேணும்னா 60 மேக்ரோ. உங்க கேமராவுக்கு 96 மாதிரி, முகத்துக்கு அருமை, 1:1ம் போகும். குறை என்னன்னா 1:1க்குப் போகும்போது பூச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவுல பத்து சென்டிமீட்டர்கூட இருக்காது, சிலந்தி ஓடிரும். 100ன்னா பதினாலு பதினஞ்சு கிடைக்கும்.

மூஞ்சிக்கல் பனி | 9.10

எது வாங்குனாலும் பழைய லென்ஸ்னா பின்பக்கத்துல இருந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலந்தி நூல் மாதிரி தெரிஞ்சா பூஞ்சை, வேண்டாம்னு வெச்சிருங்க. நம்ம மலையில அது பரவிக்கிட்டே போகும். வாங்குனதைக் காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க.

லாங்வுட் நடை | 9.40

லென்ஸே வாங்காமல் தவளை எடுக்க வழி இருக்கு தம்பி. உங்க 55-250 முன்னால் ரேனாக்ஸ் 250 என்கிற சின்னக் கண்ணாடியைக் கவ்வ வைத்தால் போதும். அதன் பவர் 8 டயாப்டர். 250ல் முடிவிலிக்கு ஃபோகஸ் வைத்தால் 2:1, அதாவது பொருளைப் போல இரண்டு மடங்கு பிம்பம் கிடைக்கும், பொருளுக்கும் உங்களுக்கும் பன்னிரண்டு சென்டிமீட்டர் இடைவெளி. கோத்தகிரியில் அழுகண்ணிச் செடியின் பசைத் துளிகளை நான் அப்படித்தான் எடுக்கிறேன். ஃப்ளாஷுக்கு முன்னால் டிரேசிங் பேப்பரை வளைத்துப் பிடியுங்கள். அது தவளைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு மென்மையாக வெளிச்சம் விழும். ஈரத் தோலில் வெள்ளைப் புள்ளி சுடாது.

ரோல் ஐயா, முக்காலி பாசிக்குச் சரி. மழை விட்ட அந்தியில் சில்வர் ஓக் நிழலில் காற்றில் ஆடுகிற இலையை அது என்ன செய்யும்? முழு சக்தியில் 1/32 பங்கில் வைத்த ஃப்ளாஷ் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் அடித்து முடிந்துவிடும். அதுதான் ஆட்டத்தை நிறுத்தும்.

ரோல் 35 | 10.15

ஆடும் இலையில் இருக்கும் தவளையை எடுத்து ஆடாத கல்லில் வைத்தால் முடிந்தது. கொஞ்ச நேரம் குளிரில் வைத்தால் வண்டும் அசையாமல் இருக்கும். எங்கள் காலத்தில் எல்லோரும் செய்ததுதான்.

லாங்வுட் நடை | 10.32

இதை மட்டும் இந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள் ஐயா. தவளை தோலாலும் மூச்சு விடுகிறது. நம் கையில் இருக்கும் உப்பு, சோப்பு, கொசு மருந்து எல்லாம் அதற்குள் இறங்கும். ஒரு ஓடையின் நோயை இன்னொரு ஓடைக்குக் கொண்டுபோவதும் இதே கைதான். நம் புதர்த்தவளைகள் பலவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டைக்குள்ளிருந்தே குட்டித் தவளையாக வெளியே வரும். ஒரு இலையைத் திருப்பிப் போட்டால் ஒரு ஈடு முட்டை போயிற்று. படம் கிடைக்காவிட்டால் மறுநாள் போங்கள்.

ரோல் 35 | 11.05

நான் ஒரு உயிரையும் கொன்றதில்லை. காட்டை நேசித்துத்தான் இத்தனை வருடம் எடுத்தேன்.

லாங்வுட் நடை | 11.20

நேசித்தீர்கள் என்பதை நம்புகிறேன். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

மூஞ்சிக்கல் பனி | 11.48

ரெண்டு பேரும் விடுங்க. தம்பி, பனிக்குள்ள எடுக்கும்போது ஃப்ளாஷைப் பக்கவாட்டுல தள்ளி வைங்க. லென்ஸுக்கு மேலயே இருந்தா பனித்துளி எல்லாம் வெள்ளையா எரியும்.

வத்தலக்குண்டு ஸ்டுடியோ | சனி இரவு 8.10

தம்பி, எஸ்2ல அடிச்சுப் பாத்தீங்களா? ஒரு வார்த்தை சொல்லுங்க. 50 கிடைக்கலன்னா என்கிட்ட ஒண்ணு சும்மா கிடக்கு, காலைல முதல் பஸ்ஸுல கொடுத்து விடுறேன்.

பண்ணைக்காட்டான் | திங்கள் மதியம் 1.25

எஸ்2ல அடிச்சுருச்சுண்ணே! வேட்டி அப்பாவோடது. ஊசி குத்துன நிமிஷத்துல பாப்பா வீல்னு கத்துச்சு, அண்ணன் கண்ணுலயும் தண்ணி, அந்த ஒரு படம் வந்துருச்சு. அக்கா பெருசா போட்டு மாட்டணும்னு சொல்லுது. எல்லாருக்கும் ரொம்ப நன்றி. லாங்வுட் அக்கா, தவளையைத் தொட மாட்டேன். விருந்தாளிங்க இன்னும் கிளம்பல, அப்புறம் வர்றேன்.

ரோல் 35 | திங்கள் 3.40

அந்தப் படத்தை இங்கே போடுங்கள் தம்பி. பார்க்க வேண்டும்.

வத்தலக்குண்டு ஸ்டுடியோ | புதன் காலை 9.00

கடைசியில எந்த லென்ஸ்ல எடுத்தீங்க, 18-55லயா, 50 கிடைச்சுதா?