படத்துக்கு கருத்து சொல்லப் போய் மாட்டின கதை இருந்தா இங்க கொட்டுங்க

கொக்கு பாக்குறவன்:

நானே ஆரம்பிக்கிறேன், முதல்ல என் மானம் போகட்டும்.

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல சிங்கப்பூர்ல சுங்கை பூலோ சதுப்பு நிலக் காப்பகத்துக்குப் போயிருந்தேன். கிராஞ்சி எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல எறங்கி 925 பஸ் புடிச்சுப் போனா, பாலத்து மேல முதலை வருமான்னு வழக்கம்போல ஒரு கூட்டம் நின்னுட்டிருந்துச்சு. நான் கொக்குப் பக்கம் ஒதுங்கிட்டேன். அங்க ஒரு தம்பி, என்எஸ் (கட்டாய தேசிய சேவை) முடிச்சு கொஞ்ச நாள்தான் ஆகுதாம், முதல் கேமரா, கையில இன்னும் கடை வாசனை போகல. "அண்ணே எப்படி இருக்கு பாருங்க"ன்னு ஸ்கிரீனக் காட்டினான். பின்னாடி அலையாத்தி மரம் கருகருன்னு, நடுவுல வெள்ளைக் கொக்கு. ஆனா கொக்கு மேல ஒரு இறகு கூட தெரியல, ஏ4 பேப்பரை கத்தரிச்சு ஒட்டி வச்ச மாதிரி இருந்துச்சு.

"வெள்ளை எரிஞ்சு போயிருக்கு தம்பி, எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் மைனஸ் ஒன்னு வை"ன்னேன், அதாவது கேமரா வைக்கிற வெளிச்சத்துல இருந்து ஒரு படி கொறைக்கிறது. வச்சான். இறகு கோடு கோடா தெரிஞ்சுது. எனக்கு நெஞ்சு நிமிந்து போச்சு, ஏதோ பெரிய வாத்தியார் கணக்கா நம்பர் வாங்கிக் கொடுத்துட்டு வந்துட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு வாட்ஸ்அப்ல ஒரு படம் வந்துச்சு. அவங்க வீட்டு ஸ்பிட்ஸ். வெள்ளை வெளேர்னு இருக்க வேண்டிய நாய், தரை தொடைச்ச மாப் மாதிரி உக்காந்திருக்கு. "அண்ணே வெள்ளைக்கு மைனஸ் ஒன்னு சொன்னீங்க, அதேதான் வச்சேன், அம்மா பாத்துட்டு இது யார் வீட்டு நாய்னு கேக்குறாங்க."

அவன் மேல தப்பே இல்ல. கேமராவுக்கு கொக்கும் தெரியாது நாயும் தெரியாது, ஃப்ரேமுக்குள்ள வர்ற வெளிச்சத்தைப் பாத்து எல்லாத்தையும் ஒரு நடுத்தர சாம்பல் நிறத்துக்கு இழுக்கப் பாக்கும். கொக்கு இத்துனூண்டு, சுத்தி பூரா கருப்பு, அதனால கேமரா வெளிச்சத்தை ஏத்திவிட்டு கொக்கை எரிச்சுடுது, அங்க மைனஸ் சரி. ஸ்பிட்ஸ் படத்துல ஃப்ரேம் முழுக்க வெள்ளை, கேமரா ஏற்கனவே இருட்டாக்கி வச்சிருக்கு, இவன் என் பேச்சைக் கேட்டு இன்னும் ஒரு ஸ்டாப், அதான் அந்த ஒரு படி, எறக்கிட்டான். அங்க பிளஸ்ல போயிருக்கணும். இந்தக் காரணத்தை அன்னிக்கே ரெண்டு நிமிஷம் நின்னு சொல்லியிருக்கலாம், நான் நம்பரை மட்டும் சொல்லிட்டு முதலை பாக்கப் போயிட்டேன்.

இப்பல்லாம் யாராவது படம் காட்டினா முதல்ல கேள்விதான் கேக்குறேன். எங்க நின்ன, சூரியன் எந்தப் பக்கம், இதுல எதைக் காட்டணும்னு நெனச்ச. பாதி பேரு பதில் சொல்லும்போதே "ஓ அதான்"னு அவங்களே நிறுத்திடுவாங்க.

கருவாயன் அம்மா:

அண்ணே எங்க கதையும் நிறக் கதைதான். வீட்ல கருப்புப் பூனை. வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்ல பூனை வளக்கலாம்னு 2024 செப்டம்பர்லதானே விட்டாங்க, அதுக்கு முன்னாடி நான் கருவாயன் படத்தை சொந்தக்காரங்களுக்குக் கூட அனுப்பினதில்ல, பயம். லைசென்ஸ் வந்த அன்னிக்கே ஆசையா ஒரு குரூப்ல போட்டா, "இருட்டு" "பிரைட்னஸ் ஏத்துங்க" "ஒன்னும் தெரியல"ன்னு வரிசையா வருது. ஏத்திப் பாத்தேன், பூனை அடுப்புச் சாம்பல் கலர்ல வந்து நிக்குது.

ஒரு அங்கிள் மட்டும் தனியா எழுதினாரு. "கண்ணுல வெளிச்சப் பொட்டு அழகா விழுந்திருக்கும்மா, அதை விட்றாத. கருப்பு பூனையும் கருப்பு சோபாவும் ஒன்னோட ஒன்னு கரைஞ்சு போச்சு, அதான் சிக்கல், பிரைட்னஸ் இல்ல. ஜன்னலுக்குப் பக்கவாட்டுல உக்கார வை, முதுகு ஓரமா வெளிச்சம் கோடு மாதிரி விழும். நீயும் தரையில படுத்து எடு." படுத்தேன், எழுந்திரிக்கத்தான் எம்பொண்ணு வர வேண்டியிருந்துச்சு. ஆனா பாருங்க, மீசை ஒவ்வொன்னும் தனியா தெரியுது. அந்தப் படத்தைப் போட்டதுக்கு இன்னொரு ஆள் வந்து பின்னாடி ரைஸ் குக்கர் ஒயர் தெரியுதுன்னு சொல்லிட்டுப் போனாரு. அதுவும் உண்மைதான், என்ன பண்றது.

பாசிர் ரிஸ் ரவுண்டு:

எனக்குக் கஷ்டமா இருக்கிறது வேற. படம் பிரமாதமா இருக்கும், எடுத்த விதம்தான் உறுத்தும். நண்பர் ஒருத்தர் மீன்கொத்தி தண்ணிக்குள்ள பாயுற படம் போட்டாரு, ஒரே கோணம், ஒரே கிளை, பத்துப் படம், எல்லாத்துலயும் வாயில மீன். உயிர் மீன் வாங்கிக் கொண்டு போய் போட்டிருக்காருன்னு பழக்கப்பட்டவங்களுக்குப் பாத்ததும் தெரியும். 2020ல வனவிலங்குச் சட்டத்தை மாத்தினப்பவே, காட்டு உயிருக்கு தீனி போட்டா முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம்னு வந்தாச்சு. நான் என்ன பண்ணேன், எல்லாரும் பாக்குற இடத்துல "மீன் வாங்கின பில்லையும் சேத்துப் போடுங்க"ன்னு எழுதிட்டேன். நாப்பது பேரு சிரிச்சாங்க. அவரு என்னை பிளாக் பண்ணிட்டு இன்னிக்கும் மீன் வாங்கிட்டுதான் இருக்காரு.

அடுத்த தடவை வாயை அடக்கினேன். ஒரு அக்கா ஆந்தை படம் காட்டினாங்க, கண்ணு ரெண்டும் டார்ச் மாதிரி எரியுது. காப்பிக்கடையில வச்சு "ஃப்ளாஷாக்கா?"ன்னு மட்டும் கேட்டேன். ராத்திரி பாக்குற கண்ணுல திடீர்னு அவ்ளோ வெளிச்சம் அடிக்கிறது நல்லதில்லன்னு அவங்களுக்கு யாருமே சொன்னதில்லையாம். ஆந்தை மணிக்கணக்கா அசையாம உக்காரும், பறக்குற பறவைக்குத்தான் 1/2000 செகண்ட் ஷட்டர் வேகமெல்லாம் வேணும், இதுக்கு ட்ரைபாட் போட்டு ஐஎஸ்ஓ (கொஞ்ச வெளிச்சத்துலயும் எடுக்க ஏத்துற செட்டிங்) 3200, ஷட்டர் 1/60 போதும், சாயங்காலம் இருட்டுறதுக்குள்ள எடுத்துடலாம்னு சொன்னேன். இப்ப அவங்கதான் மத்தவங்களுக்கு சொல்லிட்டு இருக்காங்க.

காலாங் நடை:

நான் ரெண்டு வருஷமா நீர்நாய் படம் போடுறேன். ரெண்டு வருஷமும் "சூப்பர்" "நைஸ்" "வாவ் லா". எல்லாமே நின்னுக்கிட்டு எடுத்தது, எல்லாத்துலயும் முதுகுதான். ஒருத்தர் கூட குனிடான்னு சொல்லல. நாலு பேரு குறை சொல்லியிருந்தா எப்பவோ குனிஞ்சிருப்பேன் (குட்டி இருந்தா குனியாதீங்க, தள்ளிப் போயிடுங்க, அப்பனும் ஆத்தாளும் கடிச்சிரும்).

கொக்கு பாக்குறவன்:

அந்தத் தம்பி இப்பத்தான் மெசேஜ் போட்டான். நாயை வாக்கிங் கூட்டிட்டுப் போனப்ப கால்வாய் ஓரமா கொக்கும் வந்து நின்னுச்சாம், ரெண்டும் ஒரே ஃப்ரேம்ல, "அண்ணே இதுக்கு பிளஸ்ஸா மைனஸா?"

"எங்க நின்ன?"ன்னு கேட்டிருக்கேன். இன்னும் பதில் வரல.