ட்ராக்டர் இழுக்கிற வலைக்கு அம்பா பாடியது யார்?

திருக்கடலூரான்:
நேற்று 'கடலோரக் கமரா' இங்கே கரைவலை (கரையில் நின்று இழுக்கிற வலை) பற்றி ஒரு படத் தொகுப்பைப் போட்டு, "படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கதை சொல்லப் பழகுகிற பிள்ளைகள் இதைப் பார்த்துப் படிக்க வேண்டும்" என்று எழுதியிருந்தார். பார்த்தேன். திருகோணமலையில் சாம்பல்தீவுக் கரை, விடியல் வெளிச்சம், கயிற்றில் சாய்ந்து நிற்கிற ஆட்கள், பின்னால் அம்பாப் பாட்டு, வலை இழுக்கிறவர்கள் சேர்ந்து பாடுவது. ஏழாவது படத்தை நிறுத்திப் பாருங்கள். இடது ஓரத்தில் உழவு இயந்திரத்தின் பெரிய சில்லு பாதி தெரிகிறது. அதற்குப் பின்னால், கயிறு சுற்றி இழுக்கிற வின்ச்சில் ஈரக் கயிறு. வலையை இழுப்பது ட்ராக்டர். ட்ராக்டர் இரைகிற இடத்தில் யார் அம்பா பாடினார்கள்?

கடலோரக் கமரா:
வணக்கம் அண்ணா. பாட்டு முல்லைத்தீவில் என் நண்பர் பதிந்தது. ஒரே கடல், ஒரே தொழில், ஒரே பாட்டு. இதில் என்ன குற்றம்? நியூயோர்க் டைம்ஸ் 2012 டிசம்பரில் 'ஸ்னோ ஃபோல்' என்ற பனிச்சரிவுக் கதையை வெளியிட்டது. அதில் மலை, சரிவு எல்லாவற்றையும் கணினியில் செய்து காட்டினார்கள். அடுத்த வருடம் அமெரிக்காவின் பெரிய பத்திரிகைப் பரிசான புலிட்சர் கிடைத்தது. அதையும் பொய் என்பீர்களா?

திருக்கடலூரான்:
வரைந்து காட்டினால் வரைந்தது என்று பார்க்கிறவனுக்கே தெரியும். உங்கள் பாட்டு அப்படியா? அந்த ஆட்கள்தான் பாடுகிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2015இல் ஜொவானி ட்ரொய்லோ என்ற இத்தாலியப் படப்பிடிப்பாளருக்கு, பத்திரிகைப் படங்களுக்கான வேர்ல்ட் பிரஸ் போட்டோ பரிசு கொடுத்தார்கள். பெல்ஜியத்தில் ஷார்லரோய் என்ற ஊரைப் பற்றிய படத்தொடர். அதில் ஒரு படம் பிரசல்ஸில் எடுத்தது என்று தெரிந்ததும் பரிசைத் திருப்பி எடுத்தார்கள். ஒரே நாடுதானே, ஒரே வறுமைதானே என்று அங்கே யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அம்பா யார் பாடியது?

பழைய நிருபர்:
இந்தப் பாட்டு, ஒலி எல்லாம் எதற்கு என்று கேட்கிறேன். சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடலூரில் இந்தியப் படப்பிடிப்பாளர் ஆர்கோ தத்தா எடுத்த படத்தைப் பாருங்கள். மணலில் முகம் குப்புறக் கிடந்து அழுகிற பெண், இரண்டு உள்ளங்கையும் மேலே பார்த்தபடி. ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும். அந்த வருடத்தின் சிறந்த பத்திரிகைப் படமாகத் தெரிவானது. பின்னணியில் வீணை வாசித்தால் அது கெட்டுப்போயிருக்கும். இப்போது போன் வைத்திருக்கிறவன் எல்லாம் கலைஞன்.

கடலோரக் கமரா:
ஐயா, நான் போனில் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் குறைவில்லை. உங்கள் காலத்தில் படச்சுருளுக்குக் காசில்லாமல் ஒரு படம் எடுத்தீர்கள், அதைப் பெருமை என்று சொல்லாதீர்கள்.

பழைய நிருபர்:
காசில்லாமல் எடுத்த என் வெள்ளப் படத்தைத்தான் ஒரு பத்திரிகை என் பெயர் போடாமல் முதல் பக்கத்தில் போட்டது. அப்போது உங்களைப் போன்றவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் மறக்கவில்லை.

மூதூர் வாசகி:
சண்டையை விடுங்கள். எனக்கு வருத்தம் வேறு. தம்பி, அந்தச் சில்லுதான் உண்மையான கதை. முன்பு இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுத்த வலையை இப்போது மெசின் இழுக்கிறது என்றால், அந்தக் கயிற்றைப் பிடித்த ஆட்கள் இப்போது எங்கே? வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கேட்டீர்களா? பங்கு எப்படிப் பிரிகிறது? 2014 டிசம்பரில் இந்தியப் பத்திரிகையாளர் சாய்நாத் தொடங்கிய, கிராமத்து மக்களின் வாழ்க்கையைப் பதிகிற 'பாரி' இணையத்தளத்தைத் தமிழிலும் படிக்கலாம். கூலி வேலை செய்கிற அம்மாவின் பெயர், ஊர், அவர் பேச்சு எல்லாம் படத்தோடு வரும். உங்கள் தொகுப்பில் ஒருவருக்கும் பெயரில்லை.

கடலோரக் கமரா:
அக்கா, பெயர் போட வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள்.

திருக்கடலூரான்:
பெயர் வேண்டாம் என்றார்கள், சரி. முல்லைத்தீவுப் பாட்டைப் போடச் சொன்னார்களா? ட்ராக்டர் சத்தத்தையே விட்டிருந்தால் அந்தக் கரையில் என்ன நடக்கிறது என்று கேட்கிறவனுக்கு ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும். நீங்கள் அதை மூடிவிட்டு, இல்லாத காலத்தை ஒட்டவைத்தீர்கள்.

கடலோரக் கமரா:
மீன் சேர்கிற வலைப்பையான மடி கரைக்கு வருகிற நேரத்தில் இன்னும் கையால்தான் இழுக்கிறார்கள். அப்போது பாடுவதும் உண்டு. நீங்கள் கடைசியாக எப்போது கரைக்கு வந்தீர்கள்?

திருக்கடலூரான்:
நான் கரையில் பிறந்தவன். பாடுவதுண்டு என்றால் அதைப் பதிந்திருக்கலாமே. பதியவில்லை.

இந்த ஊரில் இதை விளையாட்டாகப் பேச எனக்கு மனம் வராது. 2006 ஜனவரி 2ஆம் திகதி நமது திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்களைக் கொன்றார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. 'சுடர் ஒளி' நிருபர் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் தெரிந்தது. அதே மாதம் 24ஆம் திகதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் படத்தில் ஒரு சின்னப் பொய் இருந்திருந்தால் கைக்குண்டுக் கதையே உண்மையென்று நிலைத்திருக்கும். திருகோணமலையில் கமரா தூக்குகிற பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டிய பாடம் அது.

கடலோரக் கமரா:
அந்தப் பெயரை இதற்குள் இழுக்காதீர்கள். அவர் எடுத்தது கொலைக்குச் சாட்சி. நான் செய்தது ஒரு ஊரின் அழகு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

மூதூர் வாசகி:
அழகுக்கும் ஆவணத்துக்கும் வேறு வேறு நேர்மையா தம்பி? கீழே ஒரு வரி, "பாட்டு முல்லைத்தீவில் பதிந்தது" என்று போட்டால் முடிந்தது.

கடலோரக் கமரா:
ஒவ்வொரு சத்தத்துக்கும் குறிப்பு எழுதினால் யார் பார்ப்பார்கள், அக்கா?

பழைய நிருபர்:
குறிப்பு எழுதத் தெரியாதவன் நிருபர் இல்லை. இன்னொன்று. அது சாம்பல்தீவுக் கரை இல்லை, சல்லிக் கரை. பின்னால் தெரிகிற பனைகளைப் பாருங்கள்.

கடலோரக் கமரா:
ஐயா, நான் நின்று எடுத்த இடம் எனக்குத் தெரியாதா? சாம்பல்தீவுதான்.

திருக்கடலூரான்:
சல்லியோ சாம்பல்தீவோ, ட்ராக்டர் ட்ராக்டர்தான். இன்னும் பதில் வரவில்லை. அம்பா யார் பாடியது?

பழைய நிருபர்:
சல்லிதான். நாளைக்கே போய்ப் படம் எடுத்துப் போடுகிறேன்.