மேக் ஸ்டோர் பதிப்பு: பயனர் தேர்ந்தெடுத்த ஃபோல்டர் அடுத்த முறை திறக்க மறுக்கிறது

கேள்வி:
வணக்கம். குறிப்பெழுதும் செயலி ஒன்றைச் செய்திருக்கிறேன். ஆப் ஸ்டோருக்காக சாண்ட்பாக்ஸை (செயலி எதையெல்லாம் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் பாதுகாப்பு வேலி) இயக்கிய பிறகு ஒரு சிக்கல். எழுத்தளவு, நிறம் எல்லாம் நினைவில் நிற்கின்றன. குறிப்புகளுக்காகப் பயனர் தேர்ந்தெடுத்த ஃபோல்டர் மட்டும் அன்றைக்கு வேலை செய்கிறது. செயலியை மூடித் திறந்தால் அனுமதி இல்லை என்று பிழை. ஃபோல்டரின் பாதையை, அமைப்புகளைச் சேமிக்கும் யூசர்டிஃபால்ட்ஸில் ஸ்ட்ரிங்காக (வெறும் எழுத்தாக) வைத்திருக்கிறேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை. லைப்ரரியின் பிரிஃபரன்சஸில் இருந்த பிளிஸ்ட்டை (அந்த அமைப்புகள் இருக்கும் கோப்பு) அழித்தும் பார்த்தேன், பழைய மதிப்புகளே வருகின்றன. மூன்று நாளாகத் தலை சுற்றுகிறது.

பதில் 1:
நீங்கள் அழித்தது பழைய பதிப்பின் கோப்பு. சாண்ட்பாக்ஸ் வந்தபின் அது லைப்ரரி, கண்டெய்னர்ஸ், உங்கள் பண்டில் ஐடி (செயலியின் தனி அடையாளப் பெயர்), டேட்டா, லைப்ரரி, பிரிஃபரன்சஸ் என்ற வழியில் இருக்கும். அதையும் கையால் அழிக்காதீர்கள். அமைப்புகளைக் கவனிக்கும் பின்னணி நிரலான சிஎஃப்பிரெஃப்ஸ்டி மதிப்புகளை நினைவகத்தில் வைத்திருக்கும், அதனால்தான் பழையவை திரும்ப வருகின்றன. டெர்மினலில் டிஃபால்ட்ஸ் டெலீட் கட்டளையைப் பண்டில் ஐடியுடன் கொடுங்கள்.

பதில் 2:
ஃபோல்டர் விஷயத்துக்கு வருகிறேன். பாதை என்பது வெறும் முகவரி. உள்ளே போகும் உரிமை அதில் இல்லை. பயனர் ஓப்பன் பேனலில் தேர்ந்தெடுத்தபோது கிடைத்த உரிமை, செயலி மூடியதும் போய்விடும். அதைத் தக்கவைக்க செக்யூரிட்டி ஸ்கோப்டு புக்மார்க் (இடத்தோடு உரிமையையும் சேர்த்து வைக்கும் டேட்டா) உருவாக்கி, அந்த டேட்டாவை யூசர்டிஃபால்ட்ஸில் வையுங்கள். பயனர் தேர்ந்தெடுத்த கோப்புகளுக்கான படிக்க, எழுத அனுமதியும், ஆப் ஸ்கோப் புக்மார்க்குக்கான என்டைட்டில்மென்ட்டும் (செயலியில் அறிவிக்கும் அனுமதி) வேண்டும். அடுத்த முறை திறக்கும்போது புக்மார்க்கிலிருந்து யூஆர்எல்லை எடுத்து, ஸ்டார்ட் ஆக்ஸஸிங் அழைத்த பிறகே ஃபோல்டரைத் தொடுங்கள். வேலை முடிந்ததும் ஸ்டாப் அவசியம். விட்டால் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) வளங்கள் கசியும், கசிவு மிகுந்தால் செயலியை மூடித் திறக்கும்வரை புது இடங்களே திறக்காது.

இன்னொன்று: எழுத்தளவை ஐகிளவுடில் ஒத்திசைக்கலாம், புக்மார்க்கை வேண்டாம். அது அந்தக் கணினியில் மட்டுமே செல்லுபடியாகும்.

கேட்டவர்:
புக்மார்க் உருவாகிறது, டேட்டாவும் இருக்கிறது. ஆனால் ஸ்டார்ட் அழைத்தால் ஃபால்ஸ் வருகிறது.

பதில் 2:
உருவாக்கும்போது வித் செக்யூரிட்டி ஸ்கோப் என்ற விருப்பத்தைக் கொடுத்திருப்பீர்கள். திரும்ப எடுக்கும் வரியிலும் கொடுத்தீர்களா? பலர் சறுக்கும் இடம் அதுதான். அப்புறம், ஈஸ் ஸ்டேல் (புக்மார்க் பழையதாகிவிட்டதா என்ற குறி) ட்ரூ என்று வந்தால் புக்மார்க்கைப் புதிதாக உருவாக்கிச் சேமியுங்கள்.

கேட்டவர்:
எடுக்கும் வரியில் விட்டிருந்தேன்! சேர்த்ததும் மூடித் திறந்தாலும் ஃபோல்டர் திறக்கிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.