கார்பன் ரிம்முக்கு டியூப்லெஸ் டேப்: என்ன அகலம், எத்தனை சுற்று?

புதுச்சக்கரம்:
வணக்கம். மலைப்பாதை சைக்கிளுக்குக் கார்பன் சக்கரம் மாற்றியிருக்கிறேன். 29 அங்குலம், ரிம்மின் உள்ளகலம் 30 மி.மீ., ஹூக்லெஸ் (சுவரின் ஓரத்தில் கொக்கி இல்லாதது). போடப்போவது 2.4 அங்குல டயர், டியூப் இல்லாமல். காற்று முன்னால் 20, பின்னால் 23 பிஎஸ்ஐ. ரிம்மில் டேப் ஒட்டாமல்தான் வந்தது. கையில் 30 மி.மீ. மஞ்சள் டேப் ஒன்றும் 25 மி.மீ. ஒன்றும் இருக்கின்றன. இதில் எது? ஒரு சுற்றா, இரண்டு சுற்றா? சைக்கிளுக்கென்று விற்கும் டேப்தான் வேண்டுமா, தொழிற்சாலை டேப் போதுமா? அலுமினிய ரிம்மில் ஒட்டிப் பழக்கம் உண்டு. கார்பனுக்கென்று தனியாக ஏதாவது பார்க்க வேண்டுமா?

ஆரக்கால்:
இரண்டுமே வேண்டாம், 33 வாங்குங்கள்.

ரிம்மின் உள்பக்கம் தட்டையாக இருக்காது. நடுவில் பள்ளம், இரண்டு பக்கமும் டயரின் பீட், அதாவது டயரின் தடித்த உள் ஓரம், உட்காரும் மேடை. டேப் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறுவதிலேயே இரண்டு மூன்று மி.மீ. போய்விடும். அதனால்தான் உள்ளகலத்தோடு 2 முதல் 5 மி.மீ. வரை கூட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். எவ்வளவு கூட்டுவது என்பது பள்ளத்தின் ஆழத்தைப் பொறுத்தது. ஒரு காகிதத் துண்டை ரிம்முக்குள் குறுக்கே வைத்து, பள்ளத்தோடு படியும்படி விரலால் அழுத்தி, இரு சுவரும் தொடும் இடத்தில் மடியுங்கள். வெளியே எடுத்து நீட்டி அளந்தால் உங்களுக்கு வேண்டிய அகலம் வந்துவிடும். ஸ்டான்ஸ் டேப் 27, 30, 33, 36, 39 என்று மூன்று மூன்றாகக் கிடைப்பதால், அளவுக்குப் பக்கத்தில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம்.

டேப் சுவர் முதல் சுவர் வரை இருக்க வேண்டும், ஆனால் சுவரில் ஏறக் கூடாது. ஏறினால் பீட் அதை மடித்துவிடும், மடிப்பு வழியாகக் காற்று போகும். அகலம் அதிகமாகிவிட்டது என்று ரிம்முக்குள் வைத்தே கத்தியால் சீவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கார்பனில் அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

ஒரு சுற்று போதும். வால்வுத் துளைக்கு ஒரு சாண் முன்னால் தொடங்கி, சுற்றி வந்து, துளையைத் தாண்டி ஒரு சாணில் முடியுங்கள். துளையின் மேல் இரண்டு அடுக்கு தானாகவே அமைந்துவிடும்.

மெதுவண்டி:
ஆரக்கால் சொல்வதில் பாதியை நான் ஏற்கமாட்டேன்.

டேப்பின் வேலை ஆரைத் துளைகளை மூடுவது. துளைகள் பள்ளத்தில் இருக்கின்றன. பீட் உட்காரும் மேடையில் டேப்புக்கு என்ன வேலை? அங்கே ரப்பர் நேராகக் கார்பன்மேல் உட்கார்ந்தால் நன்றாகவே அடைக்கும். ஹூக்லெஸ் ரிம்மில் பீட் மேடையின் விட்டம் கச்சிதமான அளவில் செய்யப்படுகிறது. அதன்மேல் டேப்பைப் போட்டு நாமே ஏன் அளவைக் கூட்ட வேண்டும்? டயர் ஏற்றவும் சிரமம், கழற்றவும் சிரமம். பீட்டை மேடையிலிருந்து தள்ளும்போது டேப்பின் விளிம்பும் கூடவே வரும்.

புதுச்சக்கரம், உங்களிடம் உள்ள 25-ஐயே இரண்டு சுற்று சுற்றுங்கள். வால்வுக்கு நேர் எதிரே தொடங்கி அங்கேயே முடியுங்கள்.

ஆரக்கால்:
25 மி.மீ. டேப்பின் விளிம்பு எங்கே வந்து நிற்கும் என்று யோசித்தீர்களா? பெரும்பாலான ரிம்களில் பள்ளம் முடிந்து மேடை தொடங்கும் அந்த முனையில்தான். டயரை மாட்டும்போது பீட் பள்ளத்தில் கிடக்கிறது. காற்றடித்ததும் அங்கிருந்து ஏறி மேடைக்குப் போகிறது. ஏறும் வழியில் சரியாக டேப்பின் விளிம்பு. ஒவ்வொரு முறை மாட்டும்போதும் கழற்றும்போதும் அதில் உரசும். சுவர் வரை போன டேப்பின் விளிம்போ பீட்டுக்கு அடியில், காற்றழுத்தம் இருக்கும்வரை நசுங்கியே கிடக்கும். அங்கே சீலன்ட் (ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம்) நுழைய வழியில்லை.

குறுகலான டேப் ஒட்டிய ரிம்மை ஒரு பருவம் ஓட்டிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். விளிம்பு நூல் திரித்ததுபோல் உருண்டிருக்கும். அதன் கீழே உலர்ந்த சீலன்ட் சவ்வு நீளமாகப் போய் ஏதாவது ஒரு ஆரைத் துளையில் முடியும்.

அப்புறம், டேப்பின் ஆரம்பத்தை வால்வுக்கு எதிரே வைத்தால் சக்கரத்தின் எடை சமன் ஆகும் என்று அடுத்து யாராவது வருவார்கள். அவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

மெதுவண்டி:
எடையைப் பற்றி நான் பேசவே இல்லை. டேப்பின் முனையை வால்வு நட்டு இறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதுதான் காரணம். நட்டைச் சுற்றும்போது வால்வின் ரப்பர் அடி லேசாகத் திரும்பும், பக்கத்தில் முனை இருந்தால் அதையும் இழுக்கும்.

கணக்கன்:
சுற்றுகளின் எண்ணிக்கையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உள்பக்க ஆரைத் துளை 8 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால் பரப்பு சுமார் 50 சதுர மி.மீ. 25 பிஎஸ்ஐ என்றால் ஏறக்குறைய 1.7 பார். அந்தத் துளையின் மேல் டேப்பை அழுத்தும் விசை 8.5 நியூட்டன், ஒரு கிலோ எடைகூட இல்லை. பீட்டை உட்காரவைக்க 40 பிஎஸ்ஐ அடித்தாலும் 14 நியூட்டன்தான். நல்ல டேப் ஒரு அடுக்கே இதைத் தாங்கும். இரண்டு சுற்று என்ற பழக்கம் சாலை சைக்கிளிலிருந்து வந்தது. அங்கே 5 பார் அழுத்தம், அதே துளையில் 25 நியூட்டன், நாள்கணக்கில்.

இப்போது டேப்பின் தடிமனுக்கு வருவோம். 0.14 மி.மீ. டேப் ஒரு அடுக்கு மேடையில் இருந்தால் சுற்றளவு 0.9 மி.மீ. கூடும். இரண்டு அடுக்கு என்றால் 1.8 மி.மீ. டயரின் பீட் நீளாத வளையம் என்பதால், ஏற்கெனவே இறுக்கமான டயரில் இந்த 1.8 கட்டாயம் கைக்குத் தெரியும். ஆக, மேடையில் டேப் இறுக்கும் என்று மெதுவண்டி சொல்வது சரி. இரண்டு சுற்று வேண்டும் என்பது சரியில்லை. ஆரக்கால் சொல்லும் ஒரு அடுக்கு அகல டேப்பில் இறுக்கம் ஒரு பிரச்சினையே ஆகாது.

மெதுவண்டி:
கணக்கன், துளை தாங்குமா என்பதை மட்டும் பார்க்கிறீர்கள். நான் டயருக்குள் நுரைச்செருகல் போட்டு ஓட்டுகிறேன். அது டேப்பின்மேல் உரசிக்கொண்டே இருக்கும். டயர் மாற்றும்போது லெவர் முனை கீறும். முதல் அடுக்கில் கீறல் விழுந்தாலும் இரண்டாவது காப்பாற்றும். என் இரண்டு சுற்றும் 25 மி.மீ.தான், மேடையைத் தொடாது. உங்கள் 1.8 எனக்குப் பொருந்தவே பொருந்தாது.

கணக்கன்:
சரி, செருகல் போடுபவர்களுக்கு இரண்டாவது அடுக்கு நியாயம். கேட்டவர் செருகலைப் பற்றி எதுவும் சொல்லவில்லையே.

நிப்பிள்சாவி:
சக்கரம் கோப்பது என் தொழில். நீங்கள் எல்லாரும் அகலத்தில் நிற்கிறீர்கள், அவர் கடைசியாகக் கேட்டதை யாரும் தொடவில்லை. கார்பனுக்குத் தனியாகப் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

டேப் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு பஞ்சுருண்டையை எடுத்து ஒவ்வொரு துளையின் ஓரத்திலும் சுற்றித் தடவுங்கள். துளையிட்ட இடத்தில் கார்பன் இழை நீட்டிக்கொண்டிருந்தால் பஞ்சு அதில் மாட்டி நூல் விடும். கண்ணுக்குத் தெரியாத அந்த முள்தான் காற்றழுத்தத்தில் டேப்பை அடியிலிருந்து அறுக்கும். மாட்டிய இடத்தில் மட்டும் 400 எண் உப்புத்தாளை நனைத்து லேசாகத் தேயுங்கள். தூசியை மூச்சில் இழுக்காதீர்கள், முகக்கவசம் போடுங்கள். பீட் மேடையில் உப்புத்தாள் படவே கூடாது.

அடுத்தது மெழுகுப் பூச்சு. கார்பன் ரிம் அச்சில் வார்க்கப்படுகிறது. அச்சில் ஒட்டாமல் இருக்கப் பூசும் பொருளின் படலம் புது ரிம்மில் மிச்சமிருக்கலாம். ஒட்டாமல் இருப்பதற்கென்றே பூசிய பொருள் டேப்பை மட்டும் எப்படி ஒட்டவிடும்? ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். துணி அழுக்காகாமல் வரும்வரை புதுத் துணி மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். அதன் பிறகு விரல் படக் கூடாது. அசிட்டோன் வேண்டாம், வெளிப்பூச்சில் சிந்தினால் பளபளப்பும் ஸ்டிக்கரும் போகும்.

டேப்பை நன்றாக இழுத்து ஒட்டுங்கள். அதற்காகப் பலத்தையெல்லாம் காட்டினால் டேப் நீண்டு அகலம் குறையும். 33 வாங்கியவர் 31 ஒட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு கை நீளத்துக்கும் நிறுத்தி, முதலில் பள்ளத்தின் நடுவிலும் பிறகு இரு ஓரத்திலும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு போக வேண்டும். பள்ளத்தின் மூலையில் டேப் பாலம்போல் தூக்கி நின்றால் காற்றடித்ததும் அது கீழே இழுபடும், விளிம்பு உள்ளே நகர்ந்துவிடும்.

அகல விஷயத்தில் நான் ஆரக்கால் பக்கம்தான். காரணம் டயர் இல்லை, நிப்பிள், அதாவது ஆரையை ரிம்மோடு பிடித்திருக்கும் சின்ன நட்டு. கார்பனும் அலுமினியமும் ஈரத்தோடு தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பது அலுமினியம். டேப் கசிந்து சீலன்ட் ரிம்முக்குள் இறங்கினால், அதில் அம்மோனியாவும் இருந்தால், அலுமினிய நிப்பிள் வெள்ளைப் பொடி பூத்துப்போகும். சாவியை வைத்துத் திருப்பினால் தலை மட்டும் தனியாகக் கழன்று வரும். அலுமினிய ரிம்மில் டேப் கசிவு என்பது பெரும்பாலும் காற்றுப் பிரச்சினை. இங்கே அது ஆரை மாற்றும் வேலையில் கொண்டுவிடும். உங்கள் நிப்பிள் பித்தளையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மெதுவண்டி:
நிப்பிள் விஷயம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அது டேப் கசிந்தால்தானே? அடிக்கடி டயர் கழற்றுபவருக்கு எந்த டேப் முதலில் பிய்யும் என்பதில்தான் நமக்குள் வழக்கே.

காடுமேடு:
இவ்வளவுக்கும் 1999-இல் மாவிக் நிறுவனம் யூஎஸ்டி என்ற டியூப்லெஸ் முறையைக் கொண்டுவந்தபோதே உள்பக்கம் துளையில்லாத ரிம் வந்துவிட்டது. டேப்பே தேவைப்படாது. இன்னும் நாம் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

நான் சொல்ல வந்தது தொழிற்சாலை டேப் பற்றி. டெசா 4289 என்று பாலிபுரொப்பிலீன் ஸ்ட்ராப்பிங் டேப் ஒன்று இருக்கிறது. சுமார் 0.14 மி.மீ. தடிமன், எளிதில் நீளாது. சைக்கிள் பெட்டியில் வரும் மஞ்சள் டேப்புகளோடு பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் சொல்வது கஷ்டம். 66 மீட்டர் சுருள். 29 அங்குல ரிம்முக்கு மேற்பொருத்தம் சேர்த்து 2.1 மீட்டர் போகும், ஒரு சுருளில் முப்பது சக்கரம் ஒட்டலாம். பெயருக்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

ஆரக்கால்:
முப்பது சக்கரம் யாரிடம் இருக்கிறது? அவரிடம் இருப்பது இரண்டு. டேப்பில் குறையில்லை, எனக்கும் பிடிக்கும். ஆனால் அது 25, 38, 50 என்ற அளவுகளில்தான் எளிதாகக் கைக்கு வரும். 30 உள்ளகல ரிம்முக்கு 25 குறைவு, 38 அதிகம். சுருளை அப்படியே கத்தியால் அறுத்துக் குறுக்கினால் விளிம்பில் பிசிர் வரும், அந்தப் பிசிரில்தான் கிழிசல் தொடங்கும்.

தடித்த துணி டேப் பக்கம் மட்டும் போகாதீர்கள். மேடையில் கனமாக நிற்கும், சீலன்ட் துணி இழை வழியாக ஊறும். உரித்தால் பசை முழுவதும் கார்பனில் தங்கிவிடும்.

காடுமேடு:
பாலிஇமைடு டேப்? மெலிசாக இருக்குமே, இறுக்கப் பிரச்சினையும் தீரும்.

நிப்பிள்சாவி:
மெலிசுதான், வலுவும் உண்டு. ஒரு சின்ன வெட்டு விழுந்துவிட்டால் அங்கிருந்து சரசரவென்று கிழிந்துகொண்டு போகும். லெவர் படும் இடத்தில் எனக்கு அது வேண்டாம்.

புதுச்சக்கரம்:
எல்லாருக்கும் நன்றி. காகிதத்தை வைத்து அளந்தேன், 33-க்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. 33 வாங்கப்போகிறேன், ஒரு சுற்று. பஞ்சும் தடவினேன், வால்வுத் துளையில் மாட்டியது, மற்ற இடம் சுத்தம். டேப்பில் வால்வுக்குத் துளை போட ஆணியைச் சூடாக்கிக் குத்தலாமா? ஓரம் உருகி, கிழியாமல் நிற்கும் என்கிறார்கள்.

காடுமேடு:
தாராளமாக. சாலிடரிங் இரும்பு இன்னும் சுத்தமாக வேலை செய்யும்.

நிப்பிள்சாவி:
சாலிடரிங் இரும்பின் முனை 300 டிகிரிக்கு மேல். கார்பன் இழைகளைப் பிடித்துவைத்திருக்கும் பிசின் அதைவிட வெகு குறைந்த சூட்டிலேயே இளகத் தொடங்கும். துளையின் நடுவில் மட்டும் பட்டால் ஒன்றுமில்லை. கை ஒரு மில்லி நழுவினால் வால்வுத் துளையின் ஓரம் கருகும்.

கூரான குத்தூசி போதும். டயர் இருக்கும் பக்கத்திலிருந்து நடுவில் குத்துங்கள், துளை வால்வைவிடச் சிறிதாக இருக்கட்டும். பிறகு வால்வைத் திருகித் திருகித் தள்ளுங்கள், டேப் அதன் கழுத்தைக் கவ்விக்கொள்ளும். கத்தியால் பெருக்கல் குறி போடுவதும் வேண்டாம், நான்கு முனையும் நான்கு கிழிசலுக்கு ஆரம்பம்.

காடுமேடு:
கை நழுவாதவர்களுக்கு இரும்புதான். உருகிய ஓரம் கிழியவே கிழியாது.

புதுச்சக்கரம்:
குத்தூசியே எடுத்துக்கொள்கிறேன். டேப் ஒட்டியதும் ஒரு இரவு டியூப் போட்டுக் காற்றடித்து வைக்கச் சொல்கிறார்களே, அது தேவையா?

மெதுவண்டி:
செய்யுங்கள். டேப் பள்ளத்தின் மூலை வரை அழுந்தும். மறுநாள் ஒரு பக்கப் பீட்டை மட்டும் விடுவித்து டியூபை உருவினால் மறுபக்கம் உட்கார்ந்தபடியே இருக்கும். கையடிப் பம்பிலேயே டயர் ஏறிவிடும்.

ஆரக்கால்:
இதில் மட்டும் மெதுவண்டியோடு எனக்குச் சண்டையில்லை. ரிம்மில் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தத்தைத் தாண்டாதீர்கள். லெவர் பிளாஸ்டிக்காக இருக்கட்டும்.

நிப்பிள்சாவி:
ஒன்றை விட்டுவிட்டேன். எல்லாம் முடிந்து காற்று இறங்கினால் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பீர்கள். வால்வின் அடியில் நுரை வந்தால் உடனே நட்டை இறுக்காதீர்கள். ரிம் உள்ளே ஒரே கூடு. டேப் எந்த மூலையில் கசிந்தாலும் காற்று அந்தக் கூட்டுக்குள் ஓடி, எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே வெளியேறும், வால்வுத் துளையும் அதில் ஒன்று. குறடு போட்டு நட்டை இறுக்கினால் நுரை அங்கே நின்று ஏதாவது ஒரு நிப்பிளில் கிளம்பும், வால்வின் ரப்பர் டேப்பைக் கிழித்ததுதான் மிச்சமாகும். நிப்பிள்களையும் நனைத்துப் பாருங்கள். வால்விலும் நிப்பிள்களிலும் சேர்ந்து நுரை வந்தால் டயரைக் கழற்றி, டேப்பின் விளிம்பை வால்விலிருந்து தொடங்கி முழுச் சுற்றும் விரலால் தடவிக்கொண்டு போங்கள். தூக்கியிருக்கும் இடம் கைக்குத் தெரியும்.

மெதுவண்டி:
தூக்கியிருந்தால் மேலே ஒட்டுப் போடாமல் முழுவதும் உரித்துப் புதிதாக ஒட்டுங்கள். சீலன்ட் பட்ட பசை மறுபடி பிடிக்காது. அந்த 25-ஐத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.